தாயகப் பயணம்: மலிவு விமானமும் வாடகைக் காரும் ஏமாற்றாமல் இருக்க...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கேமரன் மலை திரிங்காப்பைச் சேர்ந்த காய்கறி விவசாயி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் பயணத்துக்கு எப்படித் தயாராவது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பயண முகவர் அல்ல. திரிங்காப்பில் முட்டைக்கோசும் தக்காளியும் பயிரிடுகிறவன். ஆனால் தயாராகாமல் போனால் என்ன நடக்கும் என்பதை என் குடும்பம் நன்றாக அனுபவித்திருக்கிறது. அதனால் பேசத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

2016 டிசம்பர். நாங்கள் ஏழு பேர் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறோம். என் தாயாருக்கு அப்போது 71 வயது. 1952-இல் ஏழு வயதுச் சிறுமியாக நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் வந்து இறங்கியவர். அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டம், லயத்து வீடு, பிள்ளைகள் என்று வாழ்ந்தாரே தவிர, துறையூர் பக்கத்தில் இருக்கும் பிறந்த ஊரை ஒருமுறைகூடத் திரும்பப் பார்த்ததில்லை. அந்த ஊரைக் காட்டத்தான் இந்தப் பயணம்.

முகப்பில் இருந்த பெண் அம்மாவின் கடப்பிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஆறு மாதம் இல்லையே" என்றார். விசா எடுத்தபோது ஏழு மாதம் இருந்தது. நாங்கள் பயணத்தைத் தள்ளிப் போட்டதில் அது நாலரை மாதமாகக் குறைந்துவிட்டது. இந்தியாவில் இறங்கும் நாளில் கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும் என்பது விதி. அந்தப் பெண் மீது தவறில்லை. கணக்குப் பார்க்காதது நாங்கள்.

அம்மா அழவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கய்யா, ஊரு எங்க ஓடிப் போவுது" என்றார். தங்கச்சி அவரோடு நின்றுவிட்டார். மீதி ஐந்து பேர் போனோம். போன ஊரில் எதைப் பார்த்தாலும் மனம் ஒட்டவில்லை. 2018 பிப்ரவரியில் மீண்டும் போனோம். இந்த முறை ஆறு மாதம் முன்பிருந்தே தயாரானோம். அப்போது கற்றுக் கொண்டதையும், அதன் பிறகு மாறியிருக்கும் விதிகளையும் சேர்த்து இன்று சொல்கிறேன்.

கடப்பிதழ் முதலில், டிக்கெட் பிறகு

நம்மில் பலர் மலிவுக் கட்டண விளம்பரத்தைப் பார்த்தவுடன் டிக்கெட்டை வாங்கிவிட்டு, பிறகுதான் கடப்பிதழைத் தேடுகிறோம். இந்த வரிசையை மாற்ற வேண்டும். பயணம் செய்யும் அத்தனை பேரின் கடப்பிதழையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் முடிவுத் தேதியைப் பார்த்து, திரும்பி வரும் நாளோடு ஆறு மாதத்தைக் கூட்டிப் பாருங்கள். குறைந்தால் உடனே புதுப்பியுங்கள். கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ், தனி விசா வேண்டும்.

அடுத்தது பெயர். நம் வீடுகளில் அடையாளக் கார்டில் ஒரு பெயர், கூப்பிடுவது இன்னொரு பெயர். டிக்கெட் போடுகிற பிள்ளை, அத்தைக்கு வீட்டுப் பெயரைப் போட்டுவிட்டால் முகப்பில் சிக்கல்தான். கடப்பிதழில் உள்ள எழுத்துகள் அப்படியே டிக்கெட்டிலும் விசாவிலும் இருக்க வேண்டும். நமக்கு குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரும், நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்ற குறியும்தான். விமான நிறுவனப் படிவங்கள் பெரும்பாலும் அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. எந்தக் கட்டத்தில் எந்தப் பெயரைப் போடுவது என்று சந்தேகம் வந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் நிறுவனத்தைக் கேட்டுவிடுங்கள். மலிவு டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும் அலைய வேண்டியிருக்கும்.

விசா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்திய இ-விசாவுக்கு அந்நாட்டு அரசாங்கத்தின் அகப்பக்கம் ஒன்றுதான் உண்டு. அதன் முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடியும். அதே போலத் தோற்றம் காட்டி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கட்டணம் வாங்கும் தனியார் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. மலேசியர்களுக்கு 30 நாள் சுற்றுலா இ-விசாவைக் கட்டணமின்றி வழங்கும் சலுகையை இந்தியா 2024 ஜூலையில் தொடங்கியது. இப்படிப்பட்ட சலுகைகளுக்கு முடிவுத் தேதி உண்டு. உறவினர் சொன்ன பழைய தகவலை நம்பாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் பாருங்கள். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர்கள் இந்தியா வருவதற்கு முன் இணையத்தில் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும்.

'மலிவு' என்பது எதில்?

மலிவு விமானங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2001-இல் ஒரு ரிங்கிட்டுக்கும், தலைமேல் இருந்த நாலு கோடி ரிங்கிட் கடனுக்கும் கைமாறிய ஏர் ஆசியாதான் தோட்டத்துப் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றியது. 2008 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு அது பறக்கத் தொடங்கியபோது, எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் முதன்முறையாகத் தாயகத்தை எட்டிப் பார்த்தன. கப்பலில் ஒரு வாரம் போன தூரத்துக்கு இன்று நாலு மணி நேரம் போதும்.

ஆனால் இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். ஒரே வகை விமானம், தரையில் நிற்கும் நேரம் குறைவு, சீட்டுக்கு மட்டும் விலை. பெட்டி, சாப்பாடு, விரும்பிய இருக்கை எல்லாம் தனித்தனிக் காசு. ஆகவே விளம்பரத்தில் உள்ள விலையை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: போக வர டிக்கெட், போகும்போது எத்தனை கிலோ, வரும்போது எத்தனை கிலோ, சாப்பாடு, வரி. கடைசிக் கூட்டுத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். பெட்டி எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்குவதற்கும், விமான நிலையத்தில் மாட்டிக் கொண்டு கட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

நம் ஆட்கள் போகும்போது குறைவாகவும் வரும்போது அதிகமாகவும் கொண்டு வருகிறவர்கள். புடவை, பித்தளைப் பாத்திரம், பலகாரம் என்று ஏறிக் கொண்டே போகும். அதனால் வரும் வழிக்குக் கூடுதல் எடையை வாங்குங்கள். கையில் எடுத்துச் செல்லும் பைக்குப் பெரும்பாலான மலிவு விமானங்களில் 7 கிலோதான் எல்லை. நாங்கள் எங்கள் கொட்டகையில் காய்கறிக் கூடை நிறுக்கும் தராசிலேயே பெட்டியை நிறுத்துப் பார்த்தோம். கையடக்கத் தராசு கடையில் கிடைக்கும். அதையும் பெட்டியில் போட்டுக் கொள்ளுங்கள், திரும்பும்போது உதவும்.

கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கைப் பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாத்திரைகளும் அப்படியே. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் உடன் வையுங்கள். இன்னொன்று, இளைஞர்கள் கவனிக்க: மின்சிகரெட்டை இந்தியா 2019-இலேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. 'வேப்' கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல். பொட்டலத் தேயிலையைத் தாராளமாகக் கொண்டு போகலாம். விதையோ, நாற்றோ, செடியோ அனுமதியில்லாமல் இரு பக்கமும் கொண்டு போகக் கூடாது. ஒரு நோய் தோட்டத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மலையிலிருந்து இறங்குவதும் பயணம்தான்

கோலாலம்பூர்க்காரர்கள் மூன்று மணி நேரம் முன்பு விமான நிலையத்தில் இருந்தால் போதும் என்பார்கள். திரிங்காப்வாசிக்கு அந்தக் கணக்கு உதவாது. எங்களுக்கு இரண்டு வழி. வடக்கே கம்போங் ராஜா போய் சிம்பாங் பூலை இறங்கலாம். தெற்கே பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பா இறங்கலாம். எந்த வழியானாலும் விமான நிலையம் வரை குறைந்தது ஐந்து மணி நேரம். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் கியா பார்மிலிருந்து பிரிஞ்சாங் வரை வாகனம் நகராது. மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் ஒரு வழி முழுதாக அடைபட்டுவிடும். எனவே எட்டு மணி நேரத்தைக் கையில் வைத்துக் கொண்டு கிளம்புங்கள். அதிகாலை விமானம் என்றால் முதல் நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்குவதுதான் நல்லது.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. டிக்கெட்டில் 'சனிக்கிழமை 00.15' என்று போட்டிருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது வெள்ளிக்கிழமை இரவு. சனிக்கிழமை இரவு போய் நின்று விமானத்தைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். எந்த முனையம் என்றும் பாருங்கள். ஏர் ஆசியா இரண்டாம் முனையத்திலிருந்தும், முன்பு மலிண்டோ என்று இருந்த பாத்திக் ஏர் முதலாம் முனையத்திலிருந்தும் புறப்படுகின்றன. முனையம் மாறி இறங்கினால் அரை மணி நேரம் போய்விடும்.

இரண்டு விமானம் மாறிப் போகிறவர்கள் கவனிக்க. இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டதற்கு யாரும் பொறுப்பில்லை. மலேசியாவில் 2016 முதல் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒன்று நடப்பில் இருக்கிறது. இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரமும் அதற்கு மேலும் தாமதமானால், பயணம் வேண்டாம் என்பவர் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த மாற்றம் 2024 செப்டம்பரில் வந்தது. 2025 ஆகஸ்டு முதல் இந்தப் பொறுப்பு மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்திடம் இருக்கிறது. உரிமையைத் தெரிந்து வைத்திருந்தால்தான் கேட்க முடியும்.

வாடகைக் கார்: கிலோமீட்டர் கணக்கு

"நாமே காரோட்டிக் கொள்ளலாமே, அங்கேயும் இடது பக்கம்தானே ஓட்டுகிறார்கள்?" என்று என் மகன் கேட்டான். ஓட்டலாம். சாலைப் போக்குவரத்து இலாகாவில், அதாவது ஜேபிஜேயில், அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும். நம் நாட்டு உரிமத்தையும் உடன் வைத்திருக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டுச் சாலையில் எதிர்த் திசையில் மோட்டார் சைக்கிள் வரும், ஆடு மாடு வரும், சாலையில் நெல் காயும். ஒரு விபத்து என்றால் அந்நிய ஊரில் காவல் நிலையம், காப்புறுதி என்று விடுமுறை முழுவதும் அங்கேயே முடியும். முதல் பயணத்துக்கு ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே என் ஆலோசனை.

அங்கே வாடகை பேசும் முறை வேறு. கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்பார்கள். அதோடு 'நாளொன்றுக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர்' என்று ஒன்று இருக்கும். அதற்குக் குறைவாக ஓடினாலும் அந்தத் தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் வண்டி கிலோமீட்டருக்கு 20 ரூபாய், குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா நாளுக்கு 500 ரூபாய். இரண்டாவது வண்டி கிலோமீட்டருக்கு 17 ரூபாய், குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர், பேட்டா 600 ரூபாய். எது மலிவு? எல்லாரும் இரண்டாவது என்பார்கள். நீங்கள் நாலு நாளில் 700 கிலோமீட்டர்தான் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் வண்டிக்கு 20,000-மும் பேட்டா 2,000-மும் சேர்த்து 22,000 ரூபாய். இரண்டாவதற்கு 20,400-உம் பேட்டா 2,400-உம் சேர்த்து 22,800 ரூபாய். பார்த்தீர்களா?

அத்தோடு சுங்கச் சாவடிக் கட்டணம், வாகனம் நிறுத்தும் கட்டணம், கேரளா போனால் மாநில நுழைவு அனுமதி எல்லாம் தனி. கிலோமீட்டரை எங்கிருந்து எண்ணுவார்கள் என்றும் கேளுங்கள். பல இடங்களில் 'ஷெட் டு ஷெட்', அதாவது அவர்கள் கொட்டகையில் கிளம்பி அங்கேயே திரும்பும் வரை எண்ணுவார்கள். இரவு பன்னிரண்டு மணியைத் தாண்டினால் இன்னொரு நாள் வாடகை சேரும் வழக்கமும் உண்டு. எல்லாவற்றையும் கைப்பேசியில் எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். வண்டியில் ஏறியவுடன் மீட்டரைப் படம் எடுங்கள்.

வண்டியின் எண் பலகையைப் பாருங்கள். இந்தியாவில் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி கிடைப்பது சந்தேகம். 2016-இல் மலிவு என்று பேசி எங்களுக்கு வந்து நின்றது அப்படிப்பட்ட வெள்ளைப் பலகை வண்டிதான். வழியில் சோதனையில் நிறுத்தி இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம். "உறவினர் என்று சொல்லுங்கள்" என்று ஓட்டுநர் எங்களுக்குப் பாடம் சொன்னார். பிள்ளைகள் எதிரில் பொய் சொல்ல வேண்டி வந்ததே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஓட்டுநரும் ஒரு தொழிலாளிதான். பகலெல்லாம் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு, இரவில் வேறு ஊருக்கு ஓட்டச் சொல்லாதீர்கள். அந்நாட்டின் 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையைத்தான் சொல்கிறது. அவர் எங்கே தூங்குகிறார், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் தூங்கினால்தான் நாம் பிழைப்போம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீட்டருக்குள், மதுரை ஏறக்குறைய 135, வேளாங்கண்ணி ஏறக்குறைய 150. ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக் கொண்டால் முதியவர்களுக்கும் களைப்பு இல்லை.

பணமும் உடம்பும்

வீட்டுப் பெரியவர்கள் பெட்டியடியில் இந்திய நோட்டு வைத்திருப்பார்கள். பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பர் 8-ஆம் தேதி அறிவிப்போடு செல்லாமல் போயின. 2,000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து மீட்டுக் கொள்ளப்பட்டது. அவற்றை நம்பிப் போகாதீர்கள். டீக்கடையிலும் கைப்பேசியில் பணம் கட்டும் காலம் இது. ஆனால் அது உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு எளிது, நமக்கு அல்ல. சில்லறையாக ரூபாய் கையில் இருக்கட்டும்.

நம் நாட்டு அரசாங்க மருத்துவமனையில் ஒரு ரிங்கிட் கொடுத்துப் பார்த்துப் பழகியவர்கள் நாம். வெளிநாட்டில் அது கிடையாது. பயணக் காப்புறுதி எடுங்கள். எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள இனிப்பு நீர், இரத்தக் கொதிப்புக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். மலைக் குளிரில் வாழ்ந்தவர்களை ஏப்ரல், மே மாதத்துத் திருச்சி வெயிலில் கொண்டு போய் நிறுத்தாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கல் கூட்டமும் தணிந்த ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்ல காலம். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள்.

ஊர்ப் பெயர் மட்டும் போதாது

பூர்வீகம் தேடிப் போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். "திருச்சி ஜில்லா" என்று தாத்தா சொன்னதை வைத்துக் கொண்டு போனால் கண்டுபிடிக்க முடியாது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. 1995-இல் கரூரும் பெரம்பலூரும் திருச்சியிலிருந்து பிரிந்தன. 1997-இல் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஒரே பெயரில் பல கிராமங்கள் உண்டு. எனவே பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்: தாலுகா எது, பக்கத்துச் சந்தை எந்த ஊரில் கூடும், குலதெய்வம் எது, ஆற்றைத் தாண்டிப் போனார்களா, ரயில் எங்கே ஏறினார்கள்? பழைய கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், தோட்டத்துக் காகிதம் எதுவானாலும் நகல் எடுத்து வையுங்கள்.

நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். அம்மா சொன்ன சந்தையையும் குலதெய்வத்தையும் வைத்து ஓட்டுநர் இரண்டு இடத்தில் விசாரித்தார். மூன்றாவது ஊர்தான் எங்கள் ஊர். அம்மா பிறந்த வீடு இல்லை. அந்த இடத்தில் வேறு யாரோ மாடி கட்டியிருந்தார்கள். கிணறு மட்டும் இருந்தது. அம்மா அதன் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இது ரொம்பப் பெருசா இருந்துச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பெண் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்.

2020 மார்ச்சில் கோவிட் வந்து எல்லைகள் மூடப்பட்டன. நம் நாட்டு எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதி. அம்மா 2021-இல் காலமானார். 2018-இலும் நாங்கள் ஒரு தேதியைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அந்தக் கிணற்றை அவர் பார்த்திருக்க மாட்டார்.

அதனால்தான் இவ்வளவு நேரம் தேதி, எடை, கிலோமீட்டர் என்று பேசிக் கொண்டிருந்தேன். நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஊரைப் பற்றிப் பேசும் ஒரு பெரியவர் இருப்பார். இன்றிரவே அவருடைய கடப்பிதழை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். கடப்பிதழே இல்லை என்றால் நாளைக்கே குடிநுழைவு இலாகாவுக்கு அழைத்துக் கொண்டு போங்கள். மற்றதை எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.